குளோன் எடுத்த இரண்டு விஎம்களில் நெட்வொர்க் மாறி மாறி அறுந்துபோகிறது, ரீபூட் செய்தால் மட்டும் திரும்புகிறது

#1 இரவுவிளக்கு (திங்கள், இரவு 11:40)

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாக ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இனி எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு லினக்ஸ் ஹோஸ்ட் (மற்றவற்றைத் தாங்கும் உண்மையான கணினி). அதில் கேவிஎம் என்ற மென்பொருள் வழியாக ஆறு விஎம்கள் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்) ஓடுகின்றன, எல்லாமே உபுண்டு 22.04 சர்வர். முதலில் ஒரு விஎம்மை நிறுவி, வேண்டிய மென்பொருளையெல்லாம் போட்டு, அதை நிறுத்திவிட்டு அதிலிருந்துதான் மற்ற ஐந்தையும் விர்ட்-குளோன் (விஎம்மை நகலெடுக்கும் கருவி) வைத்து எடுத்தேன். நான்கு விஎம்களுக்கு ஐபி முகவரியைக் கையாலேயே நிலையாகக் கொடுத்திருக்கிறேன், அவற்றில் ஒரு தொல்லையும் இல்லை. மீதி இரண்டு, அதாவது பில்ட் (மென்பொருளைத் தொகுக்கும் வேலை) ஓட்டும் விஎம்மும் சோதனை விஎம்மும், டிஎச்சிபி (ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் முறை) மூலம் முகவரி வாங்குகின்றன. தகராறு இந்த இரண்டில்தான்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பில்ட் விஎம்மின் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும்) இணைப்பு அப்படியே உறைந்துபோகும். சில நேரம் அரை நிமிடத்தில் தானாகத் திரும்பிவிடும். சில நேரம் பத்து நிமிடம் ஆனாலும் வராது. பெரிய கோப்பு இறக்கிக்கொண்டிருந்தால் பாதியில் இணைப்பு முறிந்துவிட்டது என்று பிழை வரும். கன்சோல் வழியாக உள்ளே போய்ப் பார்த்தால் இண்டர்ஃபேஸ் மேலே இருக்கிறது, ஐபி இருக்கிறது, ஆனால் ரவுட்டருக்கு பிங் போகவில்லை. ரீபூட் செய்தால் சரியாகிவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை.

இதுவரை செய்தவை: விஎம்மின் நெட்வொர்க் கார்டு வகையை விர்ட்ஐஓவிலிருந்து ஈ1000க்கு மாற்றினேன், பலனில்லை. கேபிளை மாற்றினேன், ஸ்விட்சில் வேறு போர்ட்டில் செருகினேன். கெஸ்டில் (அதாவது விஎம்முக்குள்) ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன். கடைசியில் சோதனை விஎம்மை அழித்துவிட்டு அதே டெம்ப்ளேட்டிலிருந்து (குளோனுக்கு அச்சாக வைத்திருக்கும் விஎம்) புதிதாகக் குளோன் எடுத்தேன், அதிலும் அதேதான். இரண்டுக்கும் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒன்றாகிவிட்டதோ என்றும் பார்த்தேன். வேறு வேறுதான்.

#2 புதுமொட்டு (திங்கள், இரவு 11:58)

நிலையான ஐபி கொடுத்த நான்கும் நன்றாக ஓடுகின்றன என்று நீங்களே சொல்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் அப்படியே கொடுத்துவிடுங்கள், முடிந்தது.

#3 கல்தூண் (செவ்வாய், காலை 6:15)

இரவுவிளக்கு, ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அறுந்ததும் ரீபூட் செய்யாதீர்கள். இணைப்பு அறுந்து கிடக்கும் அந்தச் சில நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. ரீபூட் செய்தால் ஏஆர்பி அட்டவணை (எந்த ஐபி எந்த மேக்குக்கு உரியது என்ற குறிப்பு) புதிதாகிறது, டிஎச்சிபி லீஸ் (முகவரியின் தற்காலிக ஒதுக்கீடு) புதிதாகிறது, பிரிட்ஜ் (விஎம்களை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) தான் கற்று வைத்த மேக் முகவரிகளை மறுபடி கற்கிறது. எல்லாத் தடயமும் போய்விடும். மூன்று வாரம் உங்களைச் சுற்ற வைத்தது நோயை விட இந்த ரீபூட்தான் என்று நினைக்கிறேன்.

கெஸ்டிலிருந்து கிளம்பும் ஒரு பாக்கெட் எந்த வழியாகப் போகிறது என்று மனதில் வரைந்துகொள்ளுங்கள். கெஸ்டுக்குள் இருக்கும் கார்டு, ஹோஸ்டில் அதற்கு ஜோடியாக இருக்கும் டேப் இண்டர்ஃபேஸ், அப்புறம் பிரிட்ஜ், அப்புறம் ஹோஸ்டின் உண்மையான கார்டு, ஸ்விட்ச், ரவுட்டர். பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். இதில் எந்த இடம்வரை பாக்கெட் தெரிகிறது, எந்த இடத்தில் காணாமல்போகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அறுந்திருக்கும்போதே கன்சோலில் போய் ரவுட்டருக்கு பிங்கை விடாமல் ஓட விடுங்கள். ஹோஸ்டில் டிசிபிடம்ப்பை (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) முதலில் அந்த விஎம்மின் டேப்பில் வையுங்கள், பிறகு உண்மையான கார்டில் வையுங்கள். இரண்டு இடத்திலும் மேக் முகவரியையும் காட்டச் சொல்லும் தெரிவைச் சேர்க்க மறக்காதீர்கள். வெறும் ஐபி மட்டும் பார்த்தால் இந்த மாதிரிக் கோளாறுகளில் எல்லாமே சரியாக இருப்பது போலத் தோன்றும்.

இன்னும் இரண்டு கேள்விகள். ஒரு விஎம் அறுந்திருக்கும் நேரத்தில் மற்றது எப்படி இருக்கிறது? இரண்டும் சேர்ந்தே போகின்றனவா, ஒன்று மாற்றி ஒன்றா? இரண்டாவது, ரவுட்டரின் லீஸ் பட்டியலில் இந்த இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா?

புதுமொட்டு, நிலையான ஐபி கொடுத்தால் அறிகுறி நிற்கலாம், மறுக்கவில்லை. ஆனால் காரணம் டெம்ப்ளேட்டிலேயே இருந்தால், அடுத்து எடுக்கும் ஒவ்வொரு குளோனிலும் அது கூடவே வரும்.

#4 செம்பருத்தி_22 (செவ்வாய், காலை 9:30)

எனக்கும் இதே பிரச்சினை! நேற்று இரவிலிருந்து என் ஹோஸ்டில் உள்ள எல்லா விஎம்களுக்கும் நெட்வொர்க் இல்லை. ஹோஸ்டுக்கு மட்டும் நன்றாக வருகிறது. ரீபூட் செய்தாலும் வரவில்லை. நானும் கேவிஎம், பிரிட்ஜ்தான்.

#5 கல்தூண் (செவ்வாய், காலை 9:52)

உங்களுடையது வேறு கோளாறு, செம்பருத்தி. அவருக்கு இரண்டு விஎம்களில் மட்டும், அதுவும் விட்டு விட்டு. உங்களுக்கு எல்லாவற்றிலும், ஒரேயடியாக. எல்லா விஎம்களும் ஒன்றாகப் போய் ஹோஸ்ட் மட்டும் பிழைத்திருந்தால், கெஸ்டுக்குள் தேடுவது வீண். பிரிட்ஜிலோ, பிரிட்ஜைக் கடக்கும் பாக்கெட்டுகளைப் பிடிக்கும் ஃபயர்வால் விதிகளிலோதான் இருக்கும். நேற்று ஹோஸ்டில் புதிதாக ஏதாவது நிறுவினீர்களா?

#6 செம்பருத்தி_22 (செவ்வாய், காலை 10:05)

ஆமாம், டாக்கர் நிறுவினேன். ஒரு சின்ன கண்டெய்னர் (தனிமைப்படுத்தி ஓடும் நிரல்) ஓட்டத்தான். அதற்கும் விஎம்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லையே என்று நினைத்துவிட்டேன்.

#7 வலைக்கண்ணி (செவ்வாய், காலை 10:40)

தொடர்பு இருக்கிறது. கல்தூண் அண்ணன் அடுத்த கேள்வி கேட்பதற்குள் நான் சொல்லிவிடுகிறேன், இதில் நானும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

கெர்னலில் பிரிட்ஜ்-நெட்ஃபில்டர் என்று ஒரு மாட்யூல் உண்டு. அது ஏறியிருந்து, அதன் அமைப்பும் 1 என்று இருந்தால், பிரிட்ஜுக்குள்ளேயே ஒரு போர்ட்டிலிருந்து இன்னொரு போர்ட்டுக்குப் போகும் பாக்கெட்டுகள்கூட ஐபிடேபிள்ஸின் (லினக்ஸ் ஃபயர்வால்) ஃபார்வர்ட் சங்கிலி, அதாவது விதி வரிசை, வழியாகப் போய்த்தான் வரும். டாக்கர் அந்த ஃபார்வர்ட் சங்கிலியின் பொதுக் கொள்கையை டிராப் (கொட்டிவிடு) என்று மாற்றும். பாதுகாப்புக்காகத்தான், அவர்களுடைய ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால், உங்கள் விஎம்மின் பாக்கெட்டை அனுமதிக்க ஒரு விதியும் இல்லாததால் அது அங்கேயே கொட்டப்படும். ஹோஸ்டின் சொந்தப் போக்குவரத்து இன்புட், அவுட்புட் சங்கிலிகளில் போவதால் அது தப்பிவிடுகிறது. அதனால்தான் ஹோஸ்ட் மட்டும் நன்றாக இருக்கிறது.

உறுதிப்படுத்த, ஃபார்வர்ட் சங்கிலியை எண்ணிக்கையோடு பட்டியலிட்டுப் பாருங்கள். விஎம்மிலிருந்து பிங் ஓடும்போது டிராப் கொள்கைக்கு நேராக இருக்கும் எண் ஏறிக்கொண்டே போனால் இதுதான்.

தீர்வில் அவசரப்படாதீர்கள். பிரிட்ஜ்-நெட்ஃபில்டர் அமைப்பை 0 ஆக்கினால் உடனே விஎம்கள் உயிர்பெறும், ஆனால் கண்டெய்னர்களுக்கு இடையே உள்ள தடுப்பு விதிகள் அந்த அமைப்பை நம்பியிருக்கலாம். நான் செய்தது, டாக்கர் பயனருக்கென்று விட்டுவைத்திருக்கும் டாக்கர்-யூசர் சங்கிலியில் ஒரே ஒரு விதி: என் பிரிட்ஜில் நுழைந்து அதே பிரிட்ஜில் வெளியேறும் எதையும் அனுமதி. அது டாக்கர் புதுப்பிக்கப்பட்டாலும் அப்படியே நிற்கிறது.

0 என்றுதான் வைப்பேன் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாட்யூல் ஏறும் வரை அந்த அமைப்பே கெர்னலில் இருக்காது. பூட் ஆகும்போது அமைப்புகள் முதலில் படிக்கப்பட்டு, மாட்யூல் பிறகு ஏறினால், நீங்கள் கோப்பில் எழுதிவைத்த 0 போய்ச் சேராது. இன்று வேலை செய்யும், அடுத்த ரீபூட்டில் மறுபடி போய்விடும்.

#8 செம்பருத்தி_22 (செவ்வாய், மதியம் 12:20)

எண் ஏறிக்கொண்டே போகிறது. விதியைச் சேர்த்த அடுத்த நொடியே எல்லா விஎம்களும் வந்துவிட்டன. மிக்க நன்றி வலைக்கண்ணி. யோசித்துப் பார்த்தால், ஹோஸ்டை ஹோஸ்டாக மட்டும் வைத்துக்கொண்டு, கண்டெய்னரை ஒரு விஎம்முக்குள் தள்ளிவிடுவது இன்னும் நல்லது என்று தோன்றுகிறது.

#9 கல்தூண் (செவ்வாய், மதியம் 12:31)

நானும் அதையே செய்வேன்.

#10 இரவுவிளக்கு (செவ்வாய், இரவு 10:15)

நண்பர்களே, ரீபூட் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். எட்டே முக்காலுக்கு பில்ட் விஎம் அறுந்தது. கல்தூண் ஐயா சொன்னபடியே பார்த்தேன்.

கெஸ்டுக்குள் ஐபி 192.168.10.47. பிங் ஓடுகிறது, பதில் இல்லை. டேப்பில் பார்த்தால் கேள்விப் பாக்கெட்டுகள் வெளியே போவது தெரிகிறது, பதில் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. சரி, ரவுட்டர்தான் பதில் சொல்லவில்லை என்று நினைத்தேன். ஆனால் உண்மையான கார்டில் பார்த்தபோது பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன! ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில். அப்படியானால் பதில் ஹோஸ்டுக்குள் வந்து பிரிட்ஜில்தான் தொலைகிறது என்று அர்த்தமா?

மேக் முகவரிகளையும் குறித்துவைத்திருக்கிறேன். கேள்வி 52:54:00:31:07:47 என்ற முகவரியிலிருந்து போகிறது, அது பில்ட் விஎம்முடையது. பதில் 52:54:00:62:19:05 என்ற முகவரிக்கு வருகிறது. இது ஏன் மாறுகிறது என்று புரியவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: ஆமாம், மாற்றி மாற்றித்தான் போகின்றன. இதுவரை நான் கவனித்ததே இல்லை. பில்ட் அறுந்திருந்த நேரம் முழுக்க சோதனை விஎம் நன்றாக இருந்தது. லீஸ் பட்டியலில் இரண்டு பெயர்களில் ஒன்றுதான் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு முன் பார்த்தபோது பில்ட் என்று இருந்தது, இப்போது சோதனையின் பெயர் இருக்கிறது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. போன வாரம் 47க்கு எஸ்எஸ்எச் செய்தேன், உள்ளே போனதும் பார்த்தால் சோதனை விஎம்மின் பெயர் காட்டியது. முகவரியைத் தப்பாக அடித்துவிட்டேன் போல என்று விட்டுவிட்டேன்.

#11 கல்தூண் (செவ்வாய், இரவு 10:40)

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். பிரிட்ஜில் எதுவும் தொலையவில்லை, அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. 62:19:05 என்று முடிவது யாருடைய மேக் என்று பாருங்கள், சோதனை விஎம்முடையதாக இருக்கும். இரண்டு விஎம்களும் 192.168.10.47 என்ற ஒரே முகவரியை வைத்திருக்கின்றன.

ரவுட்டர் தன் ஏஆர்பி அட்டவணையில் 47 என்றால் எந்த மேக் என்று ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். இரண்டில் யார் கடைசியாக ஏஆர்பி பேசினார்களோ அவர்களுடையது அங்கே ஏறும். மற்றவருக்கு வர வேண்டிய பதிலெல்லாம் இவருக்குப் போகும். கோப்பு இறங்கும்போது இணைப்பு முறிந்ததும் இதனால்தான். உங்கள் இணைப்பைப் பற்றி ஒன்றும் அறியாத இன்னொரு விஎம்முக்குப் பாக்கெட் போனதும், எனக்கு அப்படி ஓர் இணைப்பே இல்லையே என்று அது ரீசெட் அனுப்பிவிடுகிறது. ரீபூட் செய்யும்போது அந்த விஎம் புதிதாக ஏஆர்பி பேசித் தன் பெயரை மறுபடி பதிந்துகொள்கிறது. உங்களுக்குச் சரியானது போலத் தோன்றும், அந்த நேரத்தில் மற்ற விஎம் அறுந்திருக்கும்.

நேரில் பார்க்க வேண்டுமானால் இரண்டும் ஓடும்போது ஹோஸ்டிலிருந்து 47க்கு ஒரு ஏஆர்பிங் (இந்த ஐபி யாருடையது என்று கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு மேக்குகளிலிருந்து பதில் வரும்.

எஸ்எஸ்எச்சில் வேறு விஎம்முக்குள் போனதைச் சொன்னீர்களே, அதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. சாதாரணமாக சர்வரின் சாவி மாறினால் எஸ்எஸ்எச் பெரிய எச்சரிக்கை போட்டு உள்ளே விடாது. உங்களுக்கு அது வரவில்லை என்றால் ஆறு விஎம்களிலும் ஒரே ஹோஸ்ட் சாவி (சர்வர் தன்னை நிரூபிக்கும் ரகசியச் சாவி) இருக்கிறது. ஒன்றிலிருந்து சாவி வெளியே போனால் ஆறும் போனது போல.

#12 இரவுவிளக்கு (செவ்வாய், இரவு 11:02)

ஏஆர்பிங் அனுப்பினேன். இரண்டு பதில்! மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக நிம்மதியாக இருக்கிறது. ஆனால் ஒன்று புரியவில்லை. மேக் வேறு வேறாக இருக்கும்போது டிஎச்சிபி சர்வர் எப்படி இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுக்கும்? மேக்கை வைத்துத்தானே அது ஆளை அடையாளம் காண்கிறது?

#13 கல்தூண் (புதன், காலை 6:05)

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம், நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். டிஎச்சிபியில் கிளையண்ட் தன்னைப் பற்றி ஓர் அடையாளத்தையும் சேர்த்து அனுப்பலாம். அப்படி அனுப்பினால் சர்வர் மேக்கை விட்டுவிட்டு அந்த அடையாளத்தையே பிடித்துக்கொள்ளும். விதியே அப்படித்தான்.

உபுண்டு சர்வரில் 18.04 முதல் நெட்பிளானும் அதற்குக் கீழே சிஸ்டம்டி-நெட்வொர்க்டியும் இந்த வேலையைப் பார்க்கின்றன. நெட்வொர்க்டி அனுப்பும் அடையாளம் இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்று இண்டர்ஃபேஸின் பெயரிலிருந்து வருவது, மற்றொன்று டியுஐடி, இது மெஷின்-ஐடியிலிருந்து (ஒவ்வொரு லினக்ஸ் நிறுவலுக்கும் உரிய அடையாள எண்) கணக்கிடப்படுவது. குளோன்களில் இண்டர்ஃபேஸ் பெயரும் ஒன்று, மெஷின்-ஐடியும் ஒன்று. ஆக, அடையாளம் அச்சு அசலாக ஒன்று. சர்வரின் பார்வையில் ஒரே ஆள் கார்டை மாற்றிக்கொண்டு வந்து பழைய முகவரியைக் கேட்கிறார். கொடுத்துவிடுகிறது. விர்ட்-குளோன் மேக்கையும் விஎம்மின் யுயுஐடியையும் புதிதாகக் கொடுக்கும், வட்டுக்குள் இருக்கும் கோப்புகளைத் தொடாது. மெஷின்-ஐடி வட்டுக்குள்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டெம்ப்ளேட்டில் ஈடிசி அடைவில் உள்ள மெஷின்-ஐடி கோப்பை அழிக்காதீர்கள், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்து பூஜ்ய பைட்டாக விடுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு குளோனும் முதல் பூட்டில் தனக்கென்று ஒன்றை எழுதிக்கொள்ளும். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளையும் டெம்ப்ளேட்டிலிருந்து நீக்குங்கள். அவை தானாகத் திரும்ப வராது, குளோனில் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் கையால் செய்யாமல் நின்றிருக்கும் விஎம்மின் வட்டின் மீதே செய்து தரும் விர்ட்-சிஸ்பிரெப் என்ற கருவி இருக்கிறது. எது எதை அழிக்கப் போகிறது என்று முதலில் பட்டியல் கேட்டுப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

ஏற்கெனவே ஓடும் ஆறுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், நிலையான ஐபி உள்ள நான்கையும் சேர்த்து.

#14 புதுமொட்டு (புதன், காலை 8:20)

நெட்பிளானில் டிஎச்சிபி அடையாளமாக மேக்கையே அனுப்பு என்று ஒரு வரி எழுதினால் போதுமே. ஆறு விஎம்களில் மெஷின்-ஐடியை நோண்டுவது ஆபத்தில்லையா?

#15 கல்தூண் (புதன், காலை 8:45)

அந்த வரி வேலை செய்யும், முகவரி மோதல் நிற்கும். உடனே நிறுத்த வேண்டிய நெருக்கடியில் நானும் அதைத்தான் முதலில் போடுவேன். ஆனால் மெஷின்-ஐடி டிஎச்சிபிக்காக மட்டும் இல்லை. பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருந்தால் எந்த வரி எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று பிரிப்பதற்கும் அதுதான் அடிப்படை. ஆறு விஎம்களும் அங்கே ஒரே ஆளாகத் தெரியும். கண்காணிப்புக் கருவிகள் சிலவும் அதையே சாவியாக வைத்திருக்கும். அங்கே வரும் குழப்பம் இன்னும் மோசம், ஏனென்றால் எதுவும் அறுந்துபோகாது, தகவல் மட்டும் தப்பாக இருக்கும்.

#16 வலைக்கண்ணி (புதன், காலை 9:10)

ஒரு கூடுதல் எச்சரிக்கை. டிபஸ்ஸுக்கும் (நிரல்கள் தங்களுக்குள் பேசும் அமைப்பு) ஒரு மெஷின்-ஐடி கோப்பு உண்டு, வார் லிப் அடைவில் இருக்கும். பெரும்பாலும் அது ஈடிசி கோப்பைச் சுட்டும் சிம்லிங்க்தான். சில விஎம்களில் அது தனிக் கோப்பாக இருக்கும். அப்படி இருந்தால், ஈடிசி கோப்பை நீங்கள் காலி செய்தாலும் பூட் ஆகும்போது சிஸ்டம்டி அங்கே பழைய ஐடி இருப்பதைப் பார்த்து அதையே எடுத்து எழுதிவிடும். மாற்றினேன், ரீபூட் செய்தேன், அதே ஐடி திரும்ப வந்துவிட்டது என்று ஒரு நாள் முழுக்க நான் குழம்பியது இதில்தான். இரண்டு கோப்புகளையும் பாருங்கள்.

#17 பனித்துளி_3 (புதன், மாலை 5:30)

இதைப் படித்ததும் பயந்துபோய் என் மடிக்கணினியைப் பார்த்தேன். விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு விஎம்கள், இரண்டிலும் முகவரி 10.0.2.15! இதுவும் அதே நோயா? இணையம் இரண்டிலும் நன்றாகத்தான் வருகிறது. பிரிட்ஜ் முறைக்கு மாற்றிப் பார்த்தால் வைஃபையில் முகவரியே கிடைக்கவில்லை, கேபிள் செருகினால் கிடைக்கிறது.

#18 வலைக்கண்ணி (புதன், மாலை 6:12)

பயப்பட வேண்டாம், அது நோய் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸின் சாதாரண நேட் முறையில் ஒவ்வொரு விஎம்முக்கும் தனித்தனியாக ஒரு குட்டி ரவுட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தன் விஎம்முக்கு 10.0.2.15 கொடுக்கும், தான் 10.0.2.2 ஆக இருக்கும். ஒன்றை ஒன்று பார்ப்பதே இல்லை, அதனால் மோதலும் இல்லை. இரண்டு விஎம்களும் தங்களுக்குள் பேச வேண்டுமென்றால் நேட் நெட்வொர்க் என்ற வேறு முறையைத் தேர்ந்தெடுங்கள், அதில் வேறு வேறு முகவரி கிடைக்கும்.

வைஃபையில் பிரிட்ஜ் தகராறு செய்வது இயல்பு. அக்சஸ் பாயிண்ட், தன்னிடம் பதிந்துகொண்ட மேக்கிலிருந்து வருவதை மட்டும்தான் ஏற்கும். உங்கள் மடிக்கணினி பதிந்திருக்கிறது, அதற்குள் இருக்கும் விஎம்மின் மேக் பதியவில்லை. இதைச் சுற்றிப்போக மென்பொருள்கள் சில மாற்றுவேலைகள் செய்கின்றன, எல்லா இடத்திலும் அவை பலிப்பதில்லை. வைஃபை என்றால் நேட்டிலேயே இருந்துவிடுங்கள்.

#19 நீரோட்டம் (வியாழன், காலை 11:15)

இழை நன்றாகப் போவதால் நானும் கேட்டுவிடுகிறேன். என் விஎம்மில் பிங் போகிறது, எஸ்எஸ்எச் உள்ளே நுழைகிறது. ஆனால் நிறைய கோப்புகள் உள்ள அடைவைப் பட்டியலிட்டால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. சின்ன கட்டளைகள் எல்லாம் வேலை செய்கின்றன. இரண்டு ஹோஸ்டுகளுக்கு நடுவே விஎக்ஸ்லேன் (இரண்டு பக்க விஎம்களையும் ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் முறை) போட்டிருக்கிறோம். மேலே சொன்னபடி மேக் எல்லாம் பார்த்தேன், ஒழுங்காக இருக்கிறது.

#20 கல்தூண் (வியாழன், மதியம் 1:05)

சின்னது போகிறது, பெரியது நிற்கிறது என்றாலே எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, என்னவென்று பாருங்கள். விஎக்ஸ்லேன் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் 50 பைட் உறை போடுகிறது. வெளியே உள்ள பாதை 1500 வரைதான் தாங்கும் என்றால் உள்ளே இருக்கும் விஎம் 1450க்கு மேல் அனுப்பக் கூடாது. உங்கள் விஎம்மில் இன்னும் 1500 என்றே இருக்கும்.

சோதிக்க, உடைக்காதே என்ற தெரிவோடு பிங் அனுப்புங்கள். ஐபி தலைப்பும் ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) தலைப்பும் சேர்ந்து 28 பைட் என்பதால், 1472 அளவு கொடுத்தால் சரியாக 1500 ஆகும், 1422 கொடுத்தால் 1450. முதலாவது போகாமல் இரண்டாவது போனால் சந்தேகமே வேண்டாம்.

பாதையில் பெரிய பாக்கெட்டைக் கொட்டும் கருவி, பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு என்று ஐசிஎம்பி செய்தி திருப்பி அனுப்ப வேண்டும். விஎக்ஸ்லேன் போன்ற உறைகளில் அது அனுப்பியவரைப் போய்ச் சேராமல் போவது உண்டு. பாதுகாப்பு என்று சொல்லி நடுவில் யாராவது ஐசிஎம்பி முழுவதையும் தடுத்துவைத்திருந்தாலும் இதே கதிதான். அனுப்பியவர் தெரியாமல் அதே அளவையே திரும்பத் திரும்ப அனுப்புவார். வெளிப் பாதையை 1550 அல்லது அதற்கு மேல் ஏற்ற முடிந்தால் அதுதான் சுத்தம். முடியாவிட்டால் எல்லா விஎம்களிலும் 1450 வையுங்கள். ஒன்றை விட்டாலும் அது மட்டும் நின்று நின்று ஓடும்.

#21 நீரோட்டம் (வியாழன், மதியம் 2:40)

1472 போகவில்லை, 1422 போகிறது. விஎம்மில் 1450 ஆக்கினேன், அடைவு முழுதாக வந்தது. நன்றி ஐயா.

#22 இரவுவிளக்கு (ஞாயிறு, இரவு 9:20)

நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். புதன் இரவே ஆறு விஎம்களிலும் மெஷின்-ஐடியையும் எஸ்எஸ்எச் சாவிகளையும் மாற்றினேன். வலைக்கண்ணி சொன்ன இரண்டாவது கோப்பு எல்லாவற்றிலும் சிம்லிங்க்தான், ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் ரீபூட் செய்தேன். பில்ட் 47லேயே இருக்கிறது, சோதனைக்கு 52 கிடைத்தது. அதன் பிறகு ஒரு முறைகூட அறுந்துபோகவில்லை. நேற்று ஆறு மணி நேரம் தொடர்ந்து பில்ட் ஓடியது, ஒரு இறக்கம்கூட முறியவில்லை. டெம்ப்ளேட்டையும் காலி செய்து, அதிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துச் சோதித்தேன், முதல் பூட்டிலேயே தனக்கென்று ஒரு ஐடி எழுதிக்கொண்டது.

கார்டு, கேபிள், ஸ்விட்ச் போர்ட் என்று நான் மாற்றிய எதிலும் பழுது இல்லை. கல்தூண் ஐயா, வலைக்கண்ணி, இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு சின்ன கேள்வி மிச்சம். ஐடி மாற்றிய பிறகு ஜர்னல் (கணினியின் நிகழ்வுப் பதிவேடு) பதிவுகளைக் கேட்டால் புதன் இரவிலிருந்துதான் காட்டுகிறது. அதற்கு முந்தையவை அழிந்துவிட்டனவா?

#23 வலைக்கண்ணி (ஞாயிறு, இரவு 9:48)

அழியவில்லை. ஜர்னல் தன் கோப்புகளை மெஷின்-ஐடியின் பெயரிலேயே ஓர் அடைவு போட்டு அதற்குள் வைக்கிறது. இப்போது ஐடி மாறியதால் புதிய அடைவு தொடங்கியிருக்கும், பழையது பக்கத்திலேயே கிடக்கும். ஜர்னல்சிடிஎல்லுக்கு மெர்ஜ் என்ற தெரிவைக் கொடுத்தால் இரண்டையும் சேர்த்துக் காட்டும். பழையது மட்டும் வேண்டுமென்றால் டைரக்டரி தெரிவில் அந்தப் பழைய அடைவின் பாதையைக் கொடுங்கள். இடம் தேவைப்பட்டாலும் ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருங்கள். அந்த மூன்று வாரத்தில் எந்த விஎம்முக்கு எப்போது 47 கிடைத்தது என்பதெல்லாம் அதற்குள் வரி வரியாக இருக்கும்.